ஒரு சிகரெட்... ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்! வெளிநாட்டு ஹோட்டலில் எங்கே புகைக்கலாம், எங்கே கூடாது? - விரிவான விளக்கம்

கோலாலம்பூரில் ஒரு மாமக் கடை. இரவு 11 மணி. ரோட்டோரம் போட்ட மேசை, தலைக்கு மேல் கூரைகூட இல்லை. ரொட்டி சனாய் சாப்பிட்டாச்சு, தே தாரிக் கையில் இருக்கிறது. "திறந்தவெளிதானே, யாருக்கு என்ன தொந்தரவு?" என்று ஒருவர் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார். மலேசியச் சட்டப்படி அது குற்றம். அதிகபட்ச அபராதம் 5,000 ரிங்கிட். நம்ம பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்.

அதே நபர் அடுத்த டூரில் டோக்கியோ போகிறார். சின்ன மதுக்கடை ஒன்றின் உள்ளே, பக்கத்து மேசையில் தாராளமாகப் புகைக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. "பரவாயில்லையே, ஜப்பான் ஜாலியான ஊர்" என்று வெளியே வந்து நடைபாதையில் சிகரெட்டை எடுக்கிறார். அந்த இடம் சியோடா வட்டாரமாக இருந்தால், அங்கேயே 2,000 யென் அபராதம்.

ஒரு நாட்டில் வெளியே உட்கார்ந்து புகைத்தால் தப்பு. இன்னொரு நாட்டில் உள்ளே சில இடங்களில் புகைக்கலாம், தெருவில் கூடாது. "வெளியே போய்ப் பிடிச்சா பிரச்சினை இல்லை" என்ற நம்ம ஊர் கணக்கு பல நாடுகளில் செல்லாது. எந்த நாடு கோட்டை எங்கே போட்டிருக்கிறது, தங்கும் அறையில் புகைத்தால் என்ன ஆகும், பையில் எதைக் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே சிக்கல்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'ஹோட்டல்' என்றால் எந்த ஹோட்டல்?

தமிழ்நாட்டில் சாப்பிடும் இடமும் ஹோட்டல்தான், தங்கும் இடமும் ஹோட்டல்தான். ஆனால் புகை விஷயத்தில் இந்த இரண்டும் வேறு வேறு.

சாப்பிடும் இடத்தில் முடிவு செய்வது பெரும்பாலும் அரசாங்கத்தின் சட்டம். மீறினால் அதிகாரி வந்து அபராதம் போடுவார். தங்கும் அறையில் பல நாடுகளில் முடிவு செய்வது ஹோட்டல் நிர்வாகம். அங்கே அபராதச் சீட்டு வராது. உங்கள் கிரெடிட் கார்டில் இருந்து பணம் போகும்.

இந்தியாவில் 2003-ல் வந்த 'கோட்பா' எனப்படும் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகைக்கத் தடை விதிக்கின்றன. 30 அறைகள் அல்லது அதற்கு மேல் உள்ள தங்கும் விடுதியும், 30 பேர் அல்லது அதற்கு மேல் உட்காரக்கூடிய உணவகமும் தனியாகப் புகைக்கும் இடம் வைத்துக்கொள்ளலாம். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இந்த 200 ரூபாய் பழக்கத்தோடு விமானம் ஏறுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மலேசியா: மேசையில் இருந்து 3 மீட்டர்

மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை. ஏசி போட்ட ரெஸ்டாரண்ட் தொடங்கி ரோட்டோரக் கடை வரை இதில் அடக்கம். சாப்பாட்டு மேசையில் இருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் புகைக்கக் கூடாது. அந்த ஆண்டு முழுக்க மக்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, 2020 ஜனவரியில் இருந்து அபராதம் போட ஆரம்பித்தார்கள்.

இது அங்கே பெரிய விவாதமானது. காரணம், மாமக் கடை என்பது மலேசியாவின் திண்ணை மாதிரி. தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்த இந்தக் கடைகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லாரும் உட்கார்ந்து விடிய விடிய கால்பந்து பார்ப்பார்கள். டீயும் சிகரெட்டும் பிரிக்க முடியாத ஜோடியாக இருந்தது. "வியாபாரம் படுத்துவிடும்" என்றும் "இது என் உரிமை" என்றும் குரல்கள் எழுந்தன. வழக்குகூடப் போட்டுப் பார்த்தார்கள். தடை நிற்கவே செய்தது.

2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கென்றே தனிச் சட்டம் அமலில் இருக்கிறது. சிகரெட்டைப் போலவே வேப் எனப்படும் மின் சிகரெட்டும் அதற்குள் வருகிறது. "இது புகை இல்லீங்க, ஆவி" என்ற வாதம் அங்கே எடுபடாது.

சிங்கப்பூர்: பார்த்துப் பார்த்து நிற்கணும்

சிங்கப்பூரில் ஏசி உணவகங்களில் புகைக்க முடியாது. திறந்தவெளி உணவுக் கடைகளில் முன்பு புகைக்க ஒரு மூலை ஒதுக்குவார்கள். புதிதாக அப்படி அனுமதி தருவதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள்.

உணவகத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் போதுமா? போதாது. கட்டட நுழைவாயிலில் இருந்தும் பேருந்து நிறுத்தத்தில் இருந்தும் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கூரை போட்ட நடைபாதையிலும் தடை. ஷாப்பிங்குக்கு எல்லாரும் போகும் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதி 2019 ஜனவரி 1 முதல் புகையில்லா வட்டாரம். அங்கே அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் புகைக்கலாம். பிடிபட்டால் 200 சிங்கப்பூர் டாலர் அபராதம், அதாவது 10,000 ரூபாய்க்கு மேல். கட்டாமல் கோர்ட்டுக்குப் போனால் 1,000 டாலர் வரை ஆகலாம்.

வயதும் முக்கியம். 2021 முதல் சிங்கப்பூரில் 21 வயது ஆகாதவர்கள் புகைக்கவே கூடாது. இந்தியாவில் 18 வயதானவருக்குச் சிகரெட் விற்கலாம் என்பது அங்கே கணக்கில்லை.

தாய்லாந்து, மாலத்தீவு: ஹனிமூன் போகிறவர்கள் கவனிக்க

தாய்லாந்தில் உணவகம் போன்ற தடை செய்யப்பட்ட இடத்தில் புகைத்தால் 5,000 பாட் வரை அபராதம். பாட்டாயா, புக்கெட் என்று கடற்கரைக்குப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2018-ல் முக்கியமான கடற்கரைகளில் தடை வந்தது. மணலில் சிகரெட் துண்டுகள் குவிந்ததுதான் காரணம். அங்கே விதியை மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ கிடைக்க சட்டத்தில் இடமிருக்கிறது. கரையில் ஒதுக்கியுள்ள இடத்தில் மட்டும்தான் புகைக்கலாம்.

மாலத்தீவு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அங்கே புகையிலையை வாங்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. 2025 நவம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்தும். ஆண்டுகள் ஓட ஓட இவர்களுக்கு வயது கூடும், தடை மட்டும் அப்படியே இருக்கும். வேப் எந்த வயதினருக்கும் அனுமதி இல்லை.

ஜப்பான்: குழந்தையோடு போகிறவர்கள் வாசலைப் பாருங்கள்

ஜப்பானில் 2020 ஏப்ரல் 1 முதல் உணவகங்களின் உள்ளே புகைக்கப் பொதுவாகத் தடை. ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே நடந்துவந்த சின்னக் கடைகள், அதாவது முதலீடு 5 கோடி யெனுக்குள்ளும் வாடிக்கையாளர் பகுதி 100 சதுர மீட்டருக்குள்ளும் இருப்பவை, வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் புகைக்க அனுமதிக்கலாம். டோக்கியோ இதை இன்னும் இறுக்கியது. அங்கே வேலைக்கு ஆள் வைத்திருக்கும் கடைக்கு இந்த விலக்கு கிடையாது.

புகை அனுமதிக்கப்படும் இடத்துக்குள் 20 வயதுக்குக் குறைந்தவர்கள் நுழையவே கூடாது. பெற்றோர் கூட இருந்தாலும் கூடாது. குடும்பமாகப் போய், பசிக்கு ஒரு சின்னக் கடையில் நுழைந்தால், பையனைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது இனவெறி என்று தவறாக நினைத்துவிட வேண்டாம். வாசலில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

ஜப்பானில் ஹோட்டல் அறைகளுக்கும் விலக்கு இருக்கிறது. அதனால் புகைக்கும் அறை, புகையில்லா அறை என இரண்டும் விற்பனைக்கு வரும். விலை குறைவாக இருக்கிறதே என்று அவசரத்தில் புக் பண்ணிவிட்டு, உள்ளே போனதும் வாடை தாங்காமல் தவிப்பவர்கள் உண்டு. 'கின்என்' என்றால் புகையில்லா அறை, 'கிட்சுஎன்' என்றால் புகைக்கும் அறை. இந்த இரண்டு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் அங்கே தனிக் கட்டுப்பாடு. டோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002-லேயே தெருவில் புகைப்பதற்கு அபராதம் கொண்டுவந்தது. ஒசாகா 2025 ஜனவரியில் நகரம் முழுக்கத் தடை போட்டது. அங்கே அபராதம் 1,000 யென்.

ஐரோப்பா: கூரை இருக்கா, சுவர் எவ்வளவு?

பப், உணவகம் உள்பட எல்லா வேலையிடங்களிலும் புகையைத் தடை செய்த முதல் நாடு அயர்லாந்து. 2004 மார்ச் 29 அன்று. இத்தாலி 2005-லும், இங்கிலாந்து 2007 ஜூலை 1-லும், பிரான்ஸ் 2008-ல் உணவகங்களிலும் அதே வழியில் போயின.

இங்கிலாந்தில் 'உள்ளே' என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கூரை இருந்து, சுற்றுச்சுவரில் பாதிக்கும் குறைவாகவே திறப்பு இருந்தால் அது மூடிய இடம்தான். பப்புக்குப் பின்னால் போட்டிருக்கும் கொட்டகை பாதி திறந்து கிடப்பது அதனால்தான்.

பிரான்சில் 2025 ஜூன் இறுதியில் இருந்து கடற்கரை, பூங்கா, பேருந்து நிறுத்தம், பள்ளிகளின் அருகில் புகைத்தால் 135 யூரோ அபராதம். ஆனால் கஃபேக்களின் வெளிப்புற மேசைகளுக்கு விலக்கு உண்டு. பக்கத்து நாடான இத்தாலியின் மிலான் நகரிலோ, 2025 ஜனவரி முதல் தெருவில்கூட மற்றவர்களிடம் இருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால்தான் புகைக்கலாம். மீறினால் 40 முதல் 240 யூரோ வரை. பாரிஸில் பார்த்ததை மிலானில் செய்யக் கூடாது. இரண்டுமே ஒரே டூர் பேக்கேஜில் வரும் ஊர்கள்.

ரூமில் பிடித்தால் கார்டில் பிடிப்பார்கள்

இப்போது தங்கும் அறைக்கு வருவோம். செக்-இன் செய்யும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தூக்கக் கலக்கத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. "அறையில் புகைத்தால் சுத்தம் செய்யும் கட்டணம் வசூலிக்கப்படும்" என்ற வரி அதில்தான் இருக்கும். அமெரிக்க ஹோட்டல்களில் 200, 250 டாலர் என்பது சாதாரணமாகக் காணப்படும் தொகை. அங்கே மேரியட் குழுமம் 2006-லேயே அமெரிக்கா, கனடாவில் உள்ள தன் ஹோட்டல்களை முழுக்கப் புகையில்லா ஹோட்டல்களாக மாற்றியது.

ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவா? ஹோட்டல் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. புகையில் உள்ள நிகோட்டின் திரைச்சீலை, கம்பளம், மெத்தை, சுவர் என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்தால் வாடை குறையும், படிவு போகாது. அறையை ஓரிரு நாள் வாடகைக்கு விடாமல் துணிகளை எல்லாம் கழற்றி வெளுக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் சான் டியாகோ அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 ஹோட்டல்களில் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. சில அறைகளில் மட்டும் புகைக்க அனுமதிக்கும் ஹோட்டல்களில், 'புகையில்லா' அறைகளிலும் நிகோட்டின் படிந்திருந்தது. அங்கே தங்கிய, புகைக்காதவர்களின் விரல்களிலும் அது இருந்தது. குழந்தையோடு போகிறவர்கள் புகையில்லா அறை என்று கேட்பதோடு நிறுத்தாமல், முழுக்கப் புகையில்லா ஹோட்டலா என்று பார்ப்பது நல்லது.

பால்கனியில் நின்று பிடித்தால்? பல ஹோட்டல்களின் விதிப்படி பால்கனியும் அறையின் ஒரு பகுதிதான். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பிடிப்பதும், புகை எச்சரிக்கைக் கருவியில் கவர் மாட்டுவதும் அதைவிட ஆபத்து. தீ விபத்து நடந்தால் தூங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களை எழுப்பப்போவது அந்தக் கருவிதான்.

சிகரெட்டே தொடாதவர்களும் சிக்கலாம்

வெள்ளிக்கிழமை காலையில் ஹோட்டல் அறையில் சாமி படத்தை வைத்து ஊதுபத்தி ஏற்றுவது, கற்பூரம் காட்டுவது, தலைக்குக் குளித்துவிட்டு சாம்பிராணி போடுவது. நம்மவர்கள் பையில் இது எல்லாம் இருக்கும். காற்றில் உள்ள நுண்துகளை அளக்கும் கருவிக்கு அது சிகரெட் புகையா, சாம்பிராணிப் புகையா என்று பக்தி பார்க்கத் தெரியாது. அலாரம் அடித்து மொத்த மாடியும் படிக்கட்டில் இறங்க வேண்டி வரலாம். கும்பிடுவதைப் புகையில்லாமல் கும்பிடுவதே நல்லது.

இன்னொரு சிக்கல், முந்தைய ஆள் புகைத்த வாடைக்கு நீங்கள் பணம் கட்ட நேர்வது. அறைக்குள் நுழைந்ததும் சிகரெட் வாடை வந்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே ரிசப்ஷனுக்குச் சொல்லிவிடுங்கள். ஹோட்டல் ஆப்பிலோ மெயிலிலோ ஒரு வரி எழுத்தில் இருப்பது இன்னும் நல்லது. காலி செய்யும்போது இறுதி பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்த பிறகு தப்பான கட்டணம் கார்டில் ஏறினால், என்ன ஆதாரம் என்று ஹோட்டலிடம் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்யலாம்.

பையில் இருப்பதுதான் பெரிய ஆபத்து

எங்கே புகைத்தோம் என்பதற்கு அபராதத்தோடு போகும். என்ன கொண்டுபோனோம் என்பதற்குச் சிறைவரை போகலாம்.

வேப்: சிங்கப்பூரில் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல், முதல் முறை சிக்கும் பெரியவர்களுக்கு 700 டாலர் அபராதம். வெளிநாட்டினர் மறுபடியும் சிக்கினால் நாட்டுக்குள் நுழையவே தடை வரலாம். தாய்லாந்தில் 2014 முதல் இறக்குமதிக்குத் தடை, கொண்டுவந்தால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். "பாட்டாயாவில் ரோட்டுக் கடையிலேயே விற்கிறாங்களே" என்று கேட்கலாம். விற்கிறார்கள்தான். அதனால் அது சட்டப்படி சரியாகிவிடாது. வியட்நாம் 2025 முதல் தடை செய்துவிட்டது. இந்தியாவிலும் 2019 சட்டப்படி இறக்குமதிக்குத் தடை இருப்பதால், வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாலும் சிக்கல்தான்.

குட்கா, கைனி: மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள். ஊரில் இருந்து யாராவது "அண்ணனுக்குக் கொடுத்துடு" என்று பொட்டலம் கட்டித் தந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

டியூட்டி ஃப்ரீ சிகரெட்: சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச்சலுகையே கிடையாது. ஒரு பாக்கெட் வைத்திருந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். ஹாங்காங்கில் 19 சிகரெட் வரைதான் வரியில்லை. ஆஸ்திரேலியாவில் 25 அடங்கிய பிரிக்காத பாக்கெட் ஒன்றும், பிரித்த பாக்கெட் ஒன்றும்.

சென்னை, திருச்சி, மதுரையில் இருந்து மலேசியா-சிங்கப்பூர் பேக்கேஜில் போகிறவர்களுக்கு இங்கேதான் பொறி இருக்கிறது. கோலாலம்பூரில் கடையில் வாங்கிய வேப்பும் சிகரெட்டும் பையில் கிடக்கும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் அடுத்து சிங்கப்பூர் சோதனைச் சாவடி. பஸ் நகர்ந்தது ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். சட்டம் முழுக்க மாறிவிட்டது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

சுற்றுலாப் பயணியைப் பிடித்துக் காசு பார்ப்பதற்கா? அயர்லாந்தின் தடை வேலையிடச் சட்டமாகவே வந்தது. வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பரிமாறுபவர் பத்து மணி நேரம் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். பணக்கார ஊரோ சின்ன ஊரோ, எல்லாச் சட்டத்துக்கும் அடியில் இருப்பது அந்த ஊழியரின் நுரையீரல்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மற்றவர் விடும் புகையால் ஆண்டுக்கு சுமார் 16 லட்சம் பேர் இறக்கிறார்கள். இவர்கள் யாரும் புகைத்தவர்கள் இல்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தம் 2005-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் இருக்கிறது. தனி அறை ஒதுக்குவதும், ஃபேன் போட்டுக் காற்றை மாற்றுவதும் போதுமான பாதுகாப்பு தராது என்று அந்த ஒப்பந்தத்தின் வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. பல நாடுகள் 'புகைக்கும் மூலை'யைக்கூட எடுத்துவிட்டதன் பின்னணி இதுதான்.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

- புக்கிங்கில் 'புகையில்லா அறை' என்பதைத் தேர்வு செய்தோமா என்று மறுபடியும் பாருங்கள். புகைப்பவர் என்றால், வெளியே அதற்கான இடம் எங்கே என்று செக்-இன் செய்யும்போதே கேட்டுக்கோங்க.
- ஒவ்வொரு எல்லையைத் தாண்டும் முன்பும் பையைச் சரிபாருங்கள். வேப்பும் குட்காவும் வீட்டிலேயே இருக்கட்டும்.
- 18, 19 வயதுப் பிள்ளைகள் கூட வந்தால், அந்த நாட்டின் வயது வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். தாய்லாந்து, ஜப்பானில் 20, சிங்கப்பூரில் 21.
- பக்கத்து மேசைக்காரர் புகைக்கிறாரே என்று பார்த்து எடுக்காதீர்கள். சாம்பல் கிண்ணம் இல்லையென்றால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தக் கோலாலம்பூர் மாமக் கடைக்கே திரும்பப் போவோம். தமிழிலேயே "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டு வரும் ஊழியர் தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம். ஊரில் குடும்பம் அவரை நம்பி இருக்கும். மேசையை விட்டு எழுந்து நாலடி தள்ளிப் போவது அபராதத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. இன்று இரவு முழுக்க அவர் அங்கேதான் நிற்கப்போகிறார்.